மொசார்ட் காலத்துப் பியானோவின் ஒலி ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது?

பழைய பியானோ பதிவுகளில் ஒலி மெலிந்து சீக்கிரம் அடங்குகிறதே, கருவி பழசானதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அதே முறையில் புதிதாகச் செய்த நகல்களும் அப்படித்தான் ஒலிக்கும்.

1780களில் மொசார்ட் வாங்கிய, ஆன்டன் வால்ட்டர் என்பவர் செய்த பியானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்க மரம், கம்பிகள் மெல்லியவை, ஐந்து ஆக்டேவ்தான் (ஸ்தாயி). சின்னச் சின்னச் சுத்தியல்கள், அவற்றின் மேல் தோல். இன்றைய கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகள். சுமார் 20 டன் இழுவிசையைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். சுத்தியலில் தடித்த கம்பளி ஃபெல்ட்.

தோல் பட்டதும் ஒவ்வொரு ஸ்வரமும் பேச்சில் வல்லின எழுத்து விழுவதுபோல் 'டக்'கென்று தெளிவாகத் தொடங்கும். அப்புறம் சட்டென்று தேயும். கீழ் ஸ்தாயிக்கு ஒரு நிறம், மேல் ஸ்தாயிக்கு இன்னொன்று. நவீன பியானோ இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் சமப்படுத்திவிட்டது. எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது. ஆனால் பெரிய அரங்கில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஈடுகொடுக்க அந்தப் பலம் வேண்டும், சரிதான்.

பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவைக் கவனியுங்கள். முதல் பகுதி முழுவதும் டேம்பர்களை, அதாவது கம்பிகளின் அதிர்வை அடக்கும் கட்டைகளைத் தூக்கியே வாசிக்கச் சொல்கிறார். பழைய பியானோவில் முந்தைய ஸ்வரங்கள் தேய்ந்துகொண்டே வருவதால் ஒலி லேசான மூட்டமாகப் படரும். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் எல்லாம் குழம்பிவிடும். அதனால்தான் கலைஞர்கள் டேம்பர்களைத் தூக்கும் பெடலை அடிக்கடி விட்டு மறுபடி மிதிக்கிறார்கள். பியானோ கலைஞர் மால்கம் பில்சன் பழைய வகைப் பியானோவில் வாசித்த மொசார்ட் கான்செர்ட்டோ பதிவுகள் கிடைக்கின்றன. ஹெட்போனில் கேளுங்கள்.