வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு வழக்கு

கேள்வி: அமெரிக்காவில் கர்ப்பிணியைத் தாக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துத் தனி வழக்காமே? அப்போ கருக்கலைப்பு செய்தாலும் உள்ளே போடுவார்களா?

பதில்: அந்தத் தனி வழக்குக்கு வழிசெய்யும் சட்டத்தை (Unborn Victims of Violence Act) வைத்து உள்ளே போட முடியாது. 2004 ஏப்ரல் 1 அன்று அப்போதைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. பெண்ணின் சம்மதத்தோடு நடக்கும் கருக்கலைப்பு, மருத்துவ சிகிச்சை, ஏன், தன் கருவுக்குத் தாயே செய்யும் எதற்குமே இதன்கீழ் வழக்குப் போட முடியாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தவிர, மத்திய அரசுச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கு மட்டும்தான் இது செல்லும்.

சரி, பிறகு இந்தச் சட்டம் வந்தபோது ஏன் அவ்வளவு ரகளை? தண்டனை கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கருவைத் தனி ஆளாகச் சட்டத்தில் எழுதலாமா என்பதில்தான் சண்டை. கருவை ஆளாக்காமல், கர்ப்பிணியைத் தாக்கியவனுக்குத் தண்டனையை மட்டும் கூட்டலாம் என்று செனட்டர் ஃபைன்ஸ்டைன் கொண்டுவந்த திருத்தம் 49க்கு 50 என்று ஒரே ஓட்டில் தோற்றது. எனக்கென்னவோ அந்தத் திருத்தமே போதும் என்றுதான் படுகிறது.