ரோபோட்டிக்ஸ் முகாம் நடத்தச் சான்றிதழ் கட்டாயமா?

கேள்வி: நான் இயற்பியல் பட்டதாரி. நான்கு ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆர்டுயினோ போர்டை (கணினியில் எழுதும் கட்டளைகளை ஏற்றி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறிய மின்னணுப் பலகை) வைத்து வீட்டிலேயே சில சிறிய ரோபோக்களைச் செய்து பழகியிருக்கிறேன். விடுமுறையில் 10 முதல் 13 வயது வரையுள்ள 30 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் ரோபோட்டிக்ஸ் முகாம் நடத்த ஒரு பள்ளி இடம் தருகிறது. இதற்கிடையே ஒரு பயிற்சி நிறுவனத்தின் முகவர், "சர்வதேசப் பயிற்றுநர் சான்றிதழ் இல்லாமல் முகாம் நடத்த முடியாது, எங்கள் ரோபோ உதிரிபாகக் கிட் 30 வாங்கினால் பயிற்சியும் சான்றிதழும் சேர்த்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கிறார். சான்றிதழ் கட்டாயமா? 30 பேரை நான் ஒருத்தியே சமாளிக்க முடியுமா?

பதில்: முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் தொழில் பதிவு உண்டு. ரோபோட்டிக்ஸ் பயிற்றுநருக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அப்படியொரு பதிவு கிடையாது. 'சர்வதேச' என்ற சொல்லை எந்த அச்சகத்திலும் எந்தத் தாளிலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த முகவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழ் என்னிடம் இல்லையென்றால் முகாமை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? அந்த விதியைக் காட்டுங்கள்." என்னிடம் ஆலோசனை கேட்கும் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். விதியைக் கொண்டுவந்து காட்டிய முகவர் இதுவரை ஒருவரும் இல்லை.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் தாள்கள் வேறு. இடம் தருவதாகப் பள்ளி எழுதிக் கொடுக்கும் கடிதம், முதலுதவிப் பயிற்சி பெற்றதற்கான சான்று, பிள்ளைகளோடு பணிபுரிவோருக்கு உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் பின்னணிச் சரிபார்ப்பு, ஒவ்வொரு பெற்றோரிடமும் வாங்கும் ஒப்புதல் படிவம். அந்தப் படிவத்தில் ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண், மாலையில் பிள்ளையை அழைத்துப் போகிறவர் பெயர், படம் எடுக்கச் சம்மதம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீடு யாருடையது என்பதைப் பள்ளியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். முகவர் இவற்றில் ஒன்றைப் பற்றியும் பேசியிருக்க மாட்டார். இவற்றில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முகவர்கள் இதைக் காட்டித்தான் ஆசிரியர்களை வளைக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒரு பள்ளியில் குறிப்பிட்ட ஒரு தயாரிப்பாளரின் கிட் ஏற்கெனவே இருக்கிறது, ஆண்டு முழுவதும் அதை வைத்தே வகுப்பு நடக்கிறது, அந்தப் பணிக்கு உங்களை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தயாரிப்பாளர் தரும் பயிற்சி பயனுள்ளதுதான். அந்தக் கிட்டின் மென்பொருள் எங்கே மக்கர் செய்யும், எந்த உதிரிபாகம் முதலில் தேயும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பயிற்சி தருகிறவர் தயாரிப்பாளரால் நியமிக்கப்பட்டவரா, வெறும் விற்பனையாளரா? தயாரிப்பாளருக்கே நேரடியாக எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்தது, கட்டணத்தைப் பள்ளி கட்டுகிறதா? கிட் பள்ளியுடையது, அதற்கான பயிற்சிக்கு உங்கள் கைக்காசைப் போட வேண்டிய அவசியமில்லை. மூன்றாவது, பயிற்சியில் உங்களைப் பிள்ளைகள் முன் நிறுத்தி ஒரு மணி நேரமாவது பாடம் எடுக்க வைக்கிறார்களா? வீடியோ பார்த்து, கேள்விகளுக்கு டிக் போட்டு வாங்கும் சான்றிதழ், வீடியோ பார்த்ததற்கான சான்றிதழ் மட்டுமே. மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து நாள் முகாமுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது.

கிட் வாங்கும் கதைக்கு வருகிறேன். ஆர்டுயினோ 2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காகப் பிறந்த திட்டம். அதன் போர்டு வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் இணக்கமான போர்டு தயாரிக்கலாம், அது சட்டப்படி சரி. இடைத்தரகர் செய்வது வேறு. அதே இணக்கப் போர்டின் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டி, 'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று பல மடங்கு விலை வைக்கிறார். அதற்கும் மேலே, ஆண்டுச் சந்தா கட்டினால்தான் திறக்கும் மென்பொருளோடு அதைப் பிணைத்துவிடுகிறார். சந்தா முடிந்ததும் கிட் வெறும் பிளாஸ்டிக். வாங்கும் முன் ஒரு கிட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆர்டுயினோவின் இலவச மென்பொருளில், விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஒரு சிறு நிரலை (கணினிக் கட்டளைகளை) எழுதி அதில் ஏற்றிப் பாருங்கள். விளக்கு சிமிட்டினால் வாங்கலாம். ஏறவில்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பெரிய தயாரிப்பும் நிலையானதல்ல: 1998ல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசை 2022 இறுதியோடு நிறுத்தப்பட்டது. முகவர் பெயர் மட்டும் அச்சிட்ட பெட்டிக்கு மூன்று ஆண்டு கழித்து உதிரிபாகம் எங்கே தேடுவீர்கள்?

30 பிள்ளைகளுக்கு 30 கிட் என்ற கணக்கே தவறு. இருவருக்கு ஒன்று என 15, கைவசம் உதிரியாக இரண்டு. ஒருவர் நிரல் எழுத, மற்றவர் மோட்டாரையும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் துடுக்கான பிள்ளை ஐந்து நாளும் மவுஸை விடாது, அடுத்த பிள்ளை ஐந்து நாளும் வேடிக்கை பார்க்கும். அந்த அடுத்த பிள்ளை பெரும்பாலும் பெண் குழந்தையாக இருப்பதைக் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன்.

ஒருத்தியே சமாளிக்க முடியுமா? முடியாது. 15 ரோபோக்கள், ஒரு மணி நேரம்: ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தரக்கூடியது நான்கு நிமிடம். கழன்ற கம்பி ஒன்றைக் கண்டுபிடிக்கவே பல நேரம் பத்து நிமிடம் ஆகும். மூன்றாவது மேசையில் நீங்கள் குனிந்திருக்கும்போது பன்னிரண்டு மேசைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் சும்மாவும் இராது. அமெரிக்க முகாம் சங்கம் பகல்நேர முகாம்களுக்கு 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு பெரியவர் என்று பரிந்துரைக்கிறது. அது எல்லா வகை முகாமுக்குமான பொதுக் கணக்கு. மின்சாரமும் கருவிகளும் புழங்கும் இடத்தில் ஆறு, ஏழு பேருக்கு ஒருவர் என்பதே என் கணக்கு. எப்படிப் பார்த்தாலும் அறையில் இரண்டு பெரியவர்களாவது எந்நேரமும் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அடிபட்டு ஒருவர் வெளியே போனால் மற்றவர்களை யார் பார்ப்பது? தவிர, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கும் நிலை ஒருபோதும் வரக்கூடாது. இதில் சமரசமே கிடையாது.

ஆள் கிடைக்கவில்லையென்றால் பிள்ளைகளைக் குறையுங்கள். பள்ளி '30 பேர் இருந்தால்தான் இடம்' என்று அடம் பிடித்தால், 15 பேராக இரண்டு அணி, காலை ஒன்று, மாலை ஒன்று என்று கேட்டுப் பாருங்கள். கிட்டும் பாதி போதும்.

பேட்டரி விஷயத்தில் நான் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும் உருளை வடிவ லித்தியம் பேட்டரிகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முன்பு ஓர் உதவியாளர் அப்படிப்பட்ட இரண்டைத் திருகாணிகள் இருந்த டப்பாவில் போட்டு வைத்தார். ஒரு திருகாணி இரு முனைகளையும் தொட்டது. பிளாஸ்டிக் இளகிய வாடை வந்ததால் தப்பினோம். டப்பாவை மணல் வாளிக்குள் போட்டபோது அதன் அடிப்பக்கம் உருகியிருந்தது. ரீசார்ஜ் செய்யக்கூடிய சாதாரண ஏஏ அளவு பேட்டரிகளே முகாமுக்குப் போதும். பட்டன் பேட்டரி வைத்துச் செய்யும் விளக்குப் பொம்மைகளையும் விட்டுவிடுங்கள். தம்பி தங்கை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சூடான கருவியால் உலோகத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் இந்த வயதுக்கு வேண்டாம்.

இன்னொரு பேட்டரித் தொல்லையும் உண்டு. மலிவுக் கிட்டுகளில் சதுரமான 9 வோல்ட் பேட்டரி வரும். புகையை உணரும் கருவி போன்ற சொற்ப மின்சாரம் போதுமான பொருள்களுக்கே அது ஏற்றது. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதால் தர இயலாது. மின்னியல் விவரத்துக்குள் போகவில்லை, அறிகுறியைச் சொல்கிறேன்: இரண்டு மோட்டாரும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும் நொடியில் போர்டின் விளக்கு அணைந்து மீண்டும் எரியும், நிரல் முதலிலிருந்து ஓடும். பாவம், பிள்ளை தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து ஒரு மணி நேரம் அதையே திருத்திக்கொண்டிருக்கும்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பு பள்ளியின் கணினி அறைக்குப் போய் ஒவ்வொரு கணினியிலும் ஒரு போர்டைச் செருகிப் பாருங்கள். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பிக்கென ஒரு தனிச் சில்லு (சிப்) இருக்கிறது; பழைய கணினிகளில் அதற்கான டிரைவர் மென்பொருளை நாமே நிறுவ வேண்டும். நிறுவக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருக்கும், அவர் விடுமுறையில் இருப்பார். இதனாலேயே முதல் நாள் முழுவதையும் பறிகொடுத்த முகாம்களை நான் அறிவேன்.

அப்படியே பறிபோனாலும் கலங்காதீர்கள். 1967ல் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் சிறுவர்களுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதன் கட்டளைகளுக்குத் தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோ வந்தது. ஆமையாகத் தன்னையே நினைத்து நடந்து பார்க்கும் பிள்ளைக்கு நிரல் விளங்கிவிடும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம். கணினியே இல்லாமல் அதை நீங்களும் செய்யலாம்: ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டுங்கள். இன்னொரு பிள்ளை 'மூன்றடி முன்னே, வலப்பக்கம் திரும்பு' என்று மட்டும் சொல்லி, நாற்காலிகளுக்கிடையே கதவுவரை கொண்டு போகட்டும். 'எவ்வளவு திரும்ப?' என்று கண் கட்டிய பிள்ளை கேட்கும் இடத்தில் பாடம் தொடங்கிவிடும்.

கடைசி நாள் கண்காட்சியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எல்லா ரோபோவும் ஓட வேண்டும், பெற்றோர் படம் எடுக்க வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது. அதனால் நான்காம் நாள் இரவு பயிற்றுநர்களே உட்கார்ந்து அத்தனை ரோபோவையும் சரிசெய்து வைக்கிறார்கள். மறுநாள் பிள்ளை, தான் செய்யாத ஒன்றைக் காட்டிக் கைத்தட்டல் வாங்குகிறது. அது பிள்ளைக்கும் தெரியும். பல பள்ளிகளில் ரோபோட்டிக்ஸ் அறை என்ற ஒன்றைத் திறந்துவைத்துப் படம் எடுத்தபின் பூட்டிவிடுகிறார்கள், ஒரு திருகாணி தொலைந்தாலும் ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில். பொருள்களை வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள், அவை தேயவும் உடையவும் ஏன் ஒதுக்குவதில்லை? பத்தில் ஒரு பாகம் உடையும் என்று பள்ளியிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு முகாமில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் ரோபோ காலையில் கறுப்புக் கோட்டின் மேல் அழகாகப் போனது. பிற்பகலில் ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும், கோட்டை விட்டு விலகியது. நிரலை மாற்றினாள், சக்கரத்தைத் துடைத்தாள். எனக்குக் காரணம் தெரியும். சன்னல் வழியாக வெயில் அந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது, கோட்டை உணரும் சென்சார் தேடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அது வெயிலிலும் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அவள் தரையில் படுத்துச் சென்சாரின் மட்டத்திலிருந்து கோட்டைப் பார்த்தாள். எழுந்து தன் நோட்டுப் புத்தகத்தை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தாள். ரோபோ கடந்து போனது. கண்காட்சியில் அவள் அட்டையால் ஒரு தொப்பி செய்து சென்சாருக்கு மாட்டியிருந்தாள். அது இரண்டு முறை கழன்று விழுந்தது, இரண்டு முறையும் அவளே மாட்டினாள்.

நீங்கள் இந்த வாரமே தெரிந்த பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டி, உங்களிடம் இருக்கும் போர்டை வைத்து மூன்று மணி நேரம் நடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை தானாக அவர்கள் ரோபோவை நோக்கிப் போகிறது என்று குறித்து வையுங்கள். முகவர் மறுபடி அழைத்தால், விதியை எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வையுங்கள்.