வயிற்று டயாலிசிஸில் கிருமி எங்கே நுழைகிறது? மிஸ்ஸியிடம் கேளுங்கள்

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு, குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை ஏற்றி, கழிவோடு திரும்ப இறக்குவதுதான் வயிற்று டயாலிசிஸ். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் கேட்டவை இவை. நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி, அதாவது நர்ஸ். மருந்து அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அக்கா, அந்தக் காலத்தில் பாட்டில் வைத்துச் செய்தார்களாமே. பையில் அப்படி என்ன வித்தியாசம்?

இணைப்புகளின் எண்ணிக்கைதான். 1976இல் அமெரிக்காவில் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் இந்த முறையைச் சொன்னபோது கண்ணாடி பாட்டில்தான் இருந்தது. ஏற்றக் கழற்றி மாட்டணும், இறக்க மறுபடியும் கழற்றி மாட்டணும். பிறகு டொரன்டோவில் ஓரியோபுலோஸ் குழு பிளாஸ்டிக் பைக்கு மாறியது. காலிப் பையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதிலேயே தண்ணீரை இறக்கலாம். அப்போதும் புதுப் பையில் கூர்முனையைக் குத்தும் வேலை இருந்தது, கை நடுங்குகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. இப்போது புதுப் பை, வடிகால் பை இரண்டும் ஒய் வடிவக் குழாயோடு ஆலையிலிருந்தே சேர்ந்து வருகின்றன. நீங்கள் திறந்து மாட்டுவது ஒரே இடம், வயிற்றிலிருந்து வரும் குழாயின் முனை. நாளுக்கு 4 தடவை மாற்றினால் வருஷத்துக்கு 1,460 தடவை அந்த முனை திறக்கிறது. அதனால்தான் முனையில் விரல் படாதீர்கள் என்று கத்துகிறோம்.

காற்றாடி போடலாமா?

மாட்டிக் கழற்றி முடிக்கும்வரை கூடாது. ஜன்னலையும் சாத்துங்கள்.

நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். திருகி இறுக்கின ஜாயிண்ட் ஒழுகாது. அப்புறம் எதற்குப் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் வடிகால் பைக்கு விட்டு வீணாக்கச் சொல்கிறீர்கள்?

அண்ணே, ஜாயிண்ட் ஒழுகுகிறது என்று யார் சொன்னது? இறுக்குவதற்கு முன்னால் விழுந்த கிருமிதான் பிரச்சினை, அதையும் உள்ளே வைத்துத்தானே இறுக்குகிறீர்கள். முதலில் வயிற்றுத் தண்ணீர் வெளியே வரும்போது முனையைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம் வயிற்றுப் பக்கக் கிளிப்பை மூடி, புதுப் பையின் தண்ணீரைக் கொஞ்சம் வடிகாலுக்கு விடும்போது குழாயில் இருந்த காற்றும் மிச்சமும் போய்விடும். அதற்கப்புறம்தான் ஏற்றுவது.

வயிற்றுத் தண்ணீரே கழுவிவிட்டதே. இரண்டாவது எதற்கு?

முதல் கழுவல் புதுப் பையின் குழாயைத் தொடுவதே இல்லை, அதற்கு. 2 லிட்டரில் ஒரு மடக்குக்காக இப்படிச் சண்டை போடுகிறீர்களே!

அப்படியென்றால் கை கழுவாவிட்டாலும் அதுவே பார்த்துக்கொள்ளுமா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பார்த்துக்கொள்ளாது. அலசல் தளர்வாகக் கிடப்பதைத்தான் அடித்துப்போகும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்ட கிருமியை நம்பி விட முடியாது. சோப்பு, முகமூடி, எல்லாம் வேண்டும். குடல் வழியாக வரும் கிருமிக்கு எந்தக் குழாயும் காவல் இல்லை, மலச்சிக்கலைத் தள்ளிப்போடாதீர்கள்.

மிஸ்ஸி, குழாய் முனையில் போடும் சின்ன மூடியைக் கழுவித் திரும்பப் போட்டால் என்ன? நல்லாத்தானே இருக்கு.

அதற்குள் இருக்கும் பஞ்சில் அயோடின் மருந்து இருக்கிறது. மூடியதும் முனை அதில் ஊறும். கழுவினால் மருந்து போச்சு. மூடி ஒரு தடவைக்குத்தான்.

பையைச் சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கலாமா?

கூடாது. பையின் வாய்ப்பக்கம் ஈரம் தங்கி, தண்ணீரில் இருக்கும் கிருமி ஏறும். ஈரமில்லாத சூடுதான்.

தூங்கும்போது மெஷினே தண்ணீரை மாற்றுகிறதே, அப்போது பூனை ரூமில் படுக்கலாமா?

வேண்டாம். குழாயைக் கடித்துவிடும். பூனை வாயில் இருக்கும் கிருமி நேராக வயிற்றுக்குப் போன நோயாளிகள் இருக்கிறார்கள்.

காற்றாடி...

மேலே பாருங்கள்.

மூடி கீழே விழுந்தால் துடைத்துப் போடலாமா?

புது மூடி. ஒரு தடவைக்குத்தான். முனையே எதிலாவது பட்டால் கிளிப்பை மூடி உடனே யூனிட்டுக்கு போன் போடுங்கள். இறக்கிய தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்தப் பையோடு அன்றைக்கே போங்கள், வயிறு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஃபிட்டர்தான் மறுபடியும். வயிற்றுக்குள் போகிற குழாயில் துணி மாதிரி வளையம் இருக்கிறதாமே, அது வாஷரா?

நல்ல கேள்வி கேட்டீர்கள் அண்ணே. 1968இல் டாக்டர் டெங்காஃப் கொண்டு வந்த குழாய் அது, டேக்ரான் என்ற செயற்கைத் துணியில் வளையம் இரண்டு. உங்கள் வாஷர் மாதிரி அமுக்கி அடைக்காது. சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டு, தோலில் இருந்து குழாயோரம் கிருமி இறங்காமல் தடுக்கும். குழாயை இழுத்தால் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும், அதனால் பெல்ட்டோ பிளாஸ்டரோ போட்டு அசையாமல் வையுங்கள். வெளி வளையம் தோலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் கிளினிக்கில் காட்டணும்.

குழாய் வெளியே வரும் ஓட்டையில் மஞ்சள்தூள் வைக்கலாமா?

கூடாது. கிளினிக்கில் கொடுத்த கிரீம் மட்டும்.