சமத்தில் விழும் அடி

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயது மகனும் எழுபதைத் தாண்டிய மாமனாரும் தினமும் சேர்ந்து உட்கார்ந்து டாம் அண்ட் ஜெர்ரி பார்க்கிறார்கள். மாமனார்தான் அதிகம் சிரிக்கிறார். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் பெரியவருக்கு எப்படி இவ்வளவு பிடிக்கிறது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: அது சின்னப் பிள்ளைகளுக்கென்று மட்டும் எடுத்த படமே இல்லை, சகோதரி. 1940இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனம் அதைத் தியேட்டர்களுக்காகத்தான் எடுத்தது. மெயின் படத்துக்கு முன்னால் நம் ஊரில் நியூஸ் ரீல் ஓட்டுவார்களே, அதுபோல அங்கே இதை ஓட்டினார்கள். டிக்கெட் வாங்கி வந்த தாத்தாவும் சிரிக்க வேண்டும், பேரனும் சிரிக்க வேண்டும், அதுவும் ஏழெட்டு நிமிடத்துக்குள். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1958 வரை இப்படி 114 படங்கள் எடுத்தார்கள். அவற்றில் ஏழு படங்களுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அடிபட்டதும் டாம் போடுகிற அந்த அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல்.

இதன் அருமையை எனக்குக் காட்டியவர் என் அப்பா. கோயில் திருவிழாக்களில் தவில் வாசித்தவர். ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் என் மகளோடு உட்கார்ந்து 'தி கேட் கான்செர்டோ' பார்த்துக்கொண்டிருந்தார். 1947இல் ஆஸ்கர் வாங்கிய படம் அது. கோட்டு போட்டுக்கொண்டு டாம் மேடையில் பியானோ வாசிக்கும். வாசிப்பது லிஸ்ட் என்ற ஹங்கேரி இசைமேதையின் ராப்சடி என்ற பியானோ இசை. பியானோவுக்குள் சுத்தியல்கள் மேல் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் சண்டைதான். ஆனால் வாசிப்பு நிற்காது. எலியைப் பிடிக்கக் கை போய்விட்டால் காலால் வாசிக்கும் பூனை!

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவோ தொடையில் தாளம் போட்டுக்கொண்டே பார்த்தார். முடிந்ததும், "கணக்கு ஒரு இடத்துல தப்பலை பாத்தியா? ஒவ்வொரு அடியும் சமத்துல விழுது" என்றார். தாளச் சுற்று தொடங்கும் இடத்தைத்தான் சமம் என்பார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் பூனையும் எலியும்தான்.

அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தவர் ஸ்காட் பிராட்லி என்ற இசையமைப்பாளர். பூனை பதுங்கி வைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும், தட்டு உடைகிற ஒவ்வொரு நொடிக்கும் அவர் ஸ்வரம் எழுதி, ஆர்கெஸ்ட்ராவை வைத்து வாசிக்கச் செய்தார். பெரும்பாலான படங்களில் வசனம் மருந்துக்குத்தான் இருக்கும். அதனால் மொழி தெரியாதவருக்கும் ஒன்றும் குறைவதில்லை. குழந்தை அடி விழுந்ததும் சிரிக்கும். வயசானவர் அடி வரப்போவது தெரிந்து, அதற்கு முந்தைய நொடியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார். உங்கள் மாமனார் அதிகம் சிரிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்று ராத்திரி 'தி கேட் கான்செர்டோ' போட்டுக் காட்டுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், அடுப்படி வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும். டாமின் விரல்களைக் கவனியுங்கள். கடைசியில் டாம் களைத்துச் சரிந்துவிட, கைதட்டல் யாருக்குப் போகிறது என்பதை மட்டும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.