ரிகர்வ் வில்லைக் கொடுத்து ஓசேஜ் மரம் வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். சும்மா கிடக்கும், இழுக்க 40 பவுண்டு விசை வேண்டிய டேக்டவுன் ரிகர்வையும் (கழற்றி மாட்டும், முனைகள் எதிர்ப்புறம் வளைந்த வில்) ஒரு டஜன் கார்பன் அம்புகளையும் கொடுத்தால், ஓக்லஹோமாவில் ஒருவர் ஓசேஜ் ஆரஞ்சு ஸ்டேவ் (வில் செதுக்குவதற்கான நீள மரத்துண்டு) இரண்டு தருவதாகச் சொல்கிறார். முதன்முதலாக மரவில் செய்யப் போகிறேன். எதைப் பார்த்து ஒப்புக்கொள்வது?

பதில்:

தாராளமாக மாற்றலாம். ஆனால் ரிகர்வில் குறை இருந்தால் நாண் ஏற்றிய அன்றே தெரிந்துவிடும். மரத்தின் குறை பல மணி நேரம் செதுக்கிய பிறகுதான் வெளியே வரும். அதனால் விசாரிக்க வேண்டியது உங்கள் பக்கம்தான் அதிகம்.

ஓசேஜ், பலாவும் முசுக்கட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம். பிரெஞ்சுக்காரர்கள் வில்மரம் என்ற பொருளில் வைத்த பெயர்தான் உங்கள் பகுதியில் போடார்க் என்று மருவி நிற்கிறது. 1870களில் முள்கம்பி பரவும் வரை வேலிக்காக ஏராளமாக நட்டார்கள். வேலியோரத்து மரம் பெரும்பாலும் கோணலும் கணுவுமாக வளரும். ஆறடி நீளத்துக்கு நேராக, கணு இல்லாமல் கிடைப்பது அரிது. விலை ஏறுவது அதனால்தான்.

துண்டின் பக்கவாட்டுப் படம் மட்டும் அனுப்பினால் போதாது. இரண்டு முனைகளின் வெட்டுமுகத்தையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டு வளையங்கள் அங்கேதான் தெரியும். ஓசேஜில் மேலே உள்ள வெளிர்நிற மரத்தை நீக்கி, வைரத்தில் (கெட்டியான உள்மரத்தில்) ஒரே ஒரு வளையத்தை முனை முதல் முனை வரை அறுபடாமல் பின்தொடர்ந்து வில்லின் முதுகாக்க வேண்டும். முதுகு என்பது எய்பவருக்கு எதிர்ப்புறம். இழுவிசை முழுவதையும் தாங்குவது அது. அங்கே ஒரு வளையம் அறுந்தாலும் வில் அந்த இடத்தில் எழும்பிப் பிளக்கும். வளையம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் புதியவர் இழுப்புக் கத்தியால் சமாளிக்கலாம். தாள் தாளாக நெருங்கிய வளையமும் நல்ல வில்லாகும், ஆனால் முதல் வில்லுக்கு வேண்டாம். தடித்த அடர்ந்த பகுதிக்கு நடுவே துளைகள் நிறைந்த மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அது மெலிந்திருக்க மெலிந்திருக்க மரம் உயர்ந்தது.

அடுத்தது முறுக்கு. துண்டின் இரு முனையிலும் குறுக்கே நேரான ஒரு ஸ்கேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பாகை வரை சூடுகாட்டித் திருத்தலாம். அதற்கு மேல் என்றால் ஒதுக்கிவிடுங்கள். ரம்பத்தால் அறுத்ததா, ஆப்பு வைத்துப் பிளந்ததா என்றும் கேளுங்கள். பிளந்த துண்டில் நார் எப்படி ஓடுகிறது என்பதை மரமே காட்டிவிடும். அறுத்த துண்டில் நார் பக்கவாட்டில் வெளியேறியிருந்தால் வில்லின் கை (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) பாதியில் முறியும். நீளவாக்கில் நாரோடு ஓடும் சிறு வெடிப்பு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கையின் அகலத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் வெடிப்பு ஆபத்து.

நீளம்: உங்கள் இழுப்பு (நாணை இழுக்கும் தூரம்) 28 அங்குலம், கைப்பிடி வளையாத வில் என்றால் 66 முதல் 68 அங்குல வில் பாதுகாப்பானது. முனை வெடிப்புக்காகக் கழிக்க இடம் விட்டு 72 அங்குலத் துண்டு கேளுங்கள்.

எப்போது வெட்டியது, முனைகளில் எப்போது பசை பூசினார் என்பது முக்கியம். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறி வெடிக்கும், ஆகவே வெட்டிய அன்றே மரப்பசையோ ஷெல்லாக்கோ தடித்துப் பூசியிருக்க வேண்டும். பட்டையும் வெளிர்மரமும் நீக்கிய ஓசேஜ் என்றால் முதுகு முழுவதும் பூசியிருக்க வேண்டும். பச்சை வைரம் காற்றுப்பட்ட சில மணி நேரத்தில் கோடு கோடாக வெடித்துவிடும். பட்டையோடு வைத்திருந்தால் வண்டுத்துளை இருக்கிறதா பாருங்கள். ஓசேஜில் புழு வெளிர்மரத்தோடு நின்றிருந்தால் கவலை இல்லை, அதை எப்படியும் சீவி எறியப்போகிறீர்கள். அதே துளை ஹிக்கரி என்ற வில்மரத்தில் இருந்தால் துண்டே வீண், ஏனென்றால் ஹிக்கரியில் பட்டைக்கு அடியில் உள்ள பரப்புதான் முதுகு.

இங்கே ஒரு யோசனை. இரண்டும் ஓசேஜாக வாங்காதீர்கள். ஒரு நல்ல ஓசேஜும், இரண்டு ஹிக்கரியும் தருவாரா என்று கேளுங்கள். ஹிக்கரியில் வளையத்தைத் துரத்தும் வேலை இல்லை. வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டியிருந்தால் பட்டை கையோடு உரிந்து, முதுகு தயாராகவே கிடைக்கும். இழுவிசையில் அதை முறிப்பதும் கடினம். வளைவைச் சமப்படுத்தும் பழக்கம் அதில் வந்த பிறகு ஓசேஜைத் தொடுங்கள். ஹிக்கரி மட்டும் நன்றாகக் காய வேண்டும்: ஓசேஜுக்கு 9 சதவீத ஈரம் சரி, ஹிக்கரிக்கு 6 முதல் 8. ஈரம் மிகுந்தால் வில் வளைந்தபடியே நின்று வலுவிழக்கும்.

உங்கள் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ரிகர்வின் கைகளில் முறுக்கு உண்டா, கண்ணாடியிழை ஒட்டிய கோட்டில் விரிசல் உண்டா, நாண் ஏற்றி நேர்பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. பழைய ரிகர்வ் என்றால் டேக்ரான் (சற்று நீண்டு கொடுக்கும் பாலியஸ்டர்) நாணுக்கு மட்டும் ஏற்றதா என்று எழுதுங்கள்; நீளாத புதுவகை நாண் பழைய முனைகளைப் பிளந்துவிடும். அம்புகளின் ஸ்பைன் (விறைப்பு) எண்ணையும் வெட்டிய நீளத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள், குட்டையாக வெட்டியது அவருக்குப் பயன்படாது. ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். நெறிபடும் சத்தம் கேட்டால் அந்த அம்பை உடைத்துப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். எய்யும்போது அது சிதறி கையில் பாயும்.

மதிப்பை இருவரும் டாலரில் எழுதி, அனுப்பும் செலவை யார் ஏற்பது என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓசேஜ் கனத்த மரம், ஒரு துண்டே 10 முதல் 20 பவுண்டு வரும். 72 அங்குல நீளமும் 16 அங்குலச் சுற்றளவும் கூட்டினால் 88. அமெரிக்க அஞ்சல் ஏற்கும் 130க்குள் அடங்கும், ஆனாலும் நீளத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. அண்டை மாநிலம்தானே, நடுவழியில் சந்தித்துக் கைமாற்ற முடிந்தால் அதுவே சிறந்தது. முனைகளையும் முறுக்கையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

துண்டு வந்ததும் அதன்மேலேயே தேதியையும் எடையையும் எழுதி, நிழலில், தரையைத் தொடாமல் கிடத்துங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்ற பிறகே வளைத்துப் பாருங்கள்.