வொர்க்‌ஷாப்பில் மட்டும் ஒழுங்காக ஓடும் கார்

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறோம். தென்கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். போன வருடம் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். சில நாள் காலையில் ராமநாதபுரத்துக்குக் கிளம்பினால், உச்சிப்புளி போவதற்குள் பிக்கப் செத்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 40-ஐத் தாண்டாது, செக் என்ஜின் விளக்கும் எரியும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். வொர்க்‌ஷாப்பில் முதலில் த்ராட்டில் பாடி (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) மாற்றினார்கள், அப்புறம் பெட்ரோல் பம்ப். இரண்டுக்கும் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. கோளாறு அப்படியே இருக்கிறது. இப்போது இசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: வேண்டாம். ‘இன்ன சோதனை செய்தோம், அதில் இசியூ தேறவில்லை’ என்று எழுதித் தராத வரை அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புது இசியூ போட்டால் இம்மொபிலைசரோடும் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியோடும் அதைச் சேர்த்துக் கோடிங் செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு. போட்ட பிறகும் கோளாறு இருந்தால் ‘மின்சாதனம், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறியை முதலில் பாருங்கள். வண்டி நிற்கவில்லை, வேகம் மட்டும் கட்டுப்படுகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிறது. என்ஜினே தன்னைக் காத்துக்கொள்ளும் ‘லிம்ப் மோடு’ பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இப்போதைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு அழுத்தியது என்பதை இரண்டும் தனித்தனி வோல்டேஜாக இசியூவுக்குச் சொல்லும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் இசியூ எதையும் நம்பாது. த்ராட்டிலைக் கொஞ்சமாக மட்டும் திறந்துவிட்டு விளக்கைப் போட்டுவிடும். அதாவது தவறான தகவல் வந்ததும் இசியூ செய்ய வேண்டியதைச் செய்திருக்கலாம். அந்தத் தகவல் எங்கே கெட்டது என்பதைத்தான் தேட வேண்டும்.

உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் ஒயரையும் (பேட்டரி மைனஸை என்ஜினோடும் பாடியோடும் இணைப்பது) கப்ளர்களையும் (ஒயர்கள் சேரும் பிளக்குகள்). கடற்காற்றில் வரும் உப்பு பானட்டுக்குள் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்த உப்புநீரில் மின்சாரம் பாயும், செம்பும் அரிக்கும். கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். வண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூட்டிலும் வெயிலிலும் எல்லாம் காய்ந்துவிடும். பதினொரு மணிக்கு மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் குறை தெரியாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணில் படாத கோளாறுக்கு அவர் ஊகத்தில் பாகம் மாற்றியிருக்கிறார், அந்த ஊகத்துக்கான பணத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். கோளாறு வரும்போதெல்லாம் தேதி, நேரம், இரவு மழையா பனியா, வண்டி வெளியில் நின்றதா, எத்தனை கிலோமீட்டரில் வந்தது, அப்போது பிரேக் மிதித்தீர்களா, ஏசி ஓடியதா, எந்தெந்த விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு எந்த ஸ்கேனரையும்விட இந்த நோட்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். ஈரமான நாளில் மட்டும் வருகிறது என்றால் தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் வருகிறது என்றால் கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதை இசியூவுக்குச் சொல்வது), பெட்ரோல் பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியது அப்படி இல்லை.

அடுத்து எரர் கோடு. 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்டியரிங் பக்கம் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் இருக்கும். போனோடு புளூடூத்தில் சேரும் சின்னக் கருவியே கோடு படிக்கப் போதும். கோடு பதிவான நொடியில் வேகம், என்ஜின் சூடு, ஆர்பிஎம் என்ன என்பதை ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று வண்டி சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அழிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்காமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். பி-2138 போல பெடல் சென்சார் கணக்கு ஒத்துப்போகவில்லை என்ற கோடு மட்டும் வந்தால் பெடலிலும் அதன் கப்ளரிலும் தேடலாம். சம்பந்தமே இல்லாத நான்கைந்து சென்சார்கள் ஒரே நேரத்தில் கோடு காட்டினால், அத்தனையும் ஒன்றாகக் கெட்டிருக்காது. அவற்றுக்குப் பொதுவான எர்த் அல்லது மின் சப்ளைதான் கெட்டிருக்கும்.

எர்த்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ரப்பர் உறைக்குள் ஒயர் பச்சை பூத்து, இரண்டு மூன்று இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் வெளியே தெரியாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் முனையிலும், மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவர் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் ஒயரை மாற்றிவிட வேண்டும். பிறகு என்ஜினை ஓட விட்டு, ஸ்கேனரில் பெடல் சென்சார் வோல்டேஜைப் பார்த்தபடியே கப்ளர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கட்டும். எதை அசைத்தால் எண் குதிக்கிறதோ அங்கேதான் வேலை. வண்டியை முந்தைய நாள் இரவே வொர்க்‌ஷாப்பில் விட்டால் போதாது. அங்கே உங்கள் வீட்டு உப்பும் ஈரமும் இருக்காது. காலையில் மெக்கானிக்கை மண்டபத்துக்கே வரச் சொல்லுங்கள். போக்குவரத்துக் காசு கொடுத்தாலும் அது லாபம்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இரவில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பிரேக்கை மிதித்து விட்டுப் பாருங்கள். கால் எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது. பிரேக் மிதித்திருக்கிறது என்று நம்பிப் பல கார்கள் பவரைக் குறைத்துவிடும். அந்த ஸ்விட்சின் விலை நீங்கள் இதுவரை கொடுத்ததன் பக்கத்தில்கூட வராது.

கொடுத்த 31,000 பற்றி. ஜாப் கார்டு (செய்த வேலையை எழுதிய தாள்), பில், கழற்றிய பழைய பாகங்கள் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேறு மெக்கானிக் கோளாறைக் கண்டுபிடித்தால் அதையும் எழுதி வாங்குங்கள். இவற்றை வைத்து வொர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். விற்றவர் வியாபாரி இல்லை, தெரிந்தவர்தான் என்பதால் அவர்மீது அங்கே போக வழியில்லை.

கேள்வி: கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போய்த் திரும்பினால் கார் கனமாக இழுப்பது போல் இருக்கிறது. முன்பக்க இடது சக்கரம் கொதிக்கிறது. சில நேரம் பிரேக் பெடலும் கல் மாதிரி ஆகிறது. பார்த்து ஓட்டலாமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரே சக்கரம் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) நகரும் பின் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். பெடல் கல்லாவது வேறு விஷயம், பெடலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் அல்லது அதன் வாக்குவம் ஹோஸ் கெட்டிருக்கலாம். என்ஜினை அணைத்து, பெடல் இறுகும் வரை நான்கைந்து தடவை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் பூஸ்டர் உதவி வரவில்லை. பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். அப்போது பெடல் தரையைத் தொடும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறேன். ‘வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி, நீ நுகர்வோரே இல்லை’ என்று வொர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். உண்மையா?
– ராமேஸ்வரம் வாசகர்

பதில்: இல்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. மனுவில் ‘நானே ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு’ என்று முதல் பத்தியிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமத்தையும் பெர்மிட்டையும் நகல் எடுத்து இணையுங்கள்.