கணக்கு எண் மாறிவிட்டது என்று கடிதம் வந்தால்

கேள்வி: தேனீ வளர்ப்போர் 15 பேர் சேர்ந்து, தேனில் ஈரத்தைக் குறைக்கும் இயந்திரம் ஒன்றைச் சீனாவிலிருந்து வாங்குகிறோம். விலை 14,000 டாலர். 30 சதவீதம் முன்பணம் கட்டியாயிற்று. பழைய கணக்கில் தணிக்கை நடப்பதால் மீதியை வேறு கணக்குக்கு அனுப்பும்படி இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அனுப்பாதீர்கள். இதழ் அச்சாகும்வரை காத்திருக்க மனம் வராமல் உங்களைத் தொலைபேசியில் அழைத்தே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்தத் 'தணிக்கை' கடிதம் எனக்குப் பழைய பகை. யாரோ ஒருவன் உங்கள் பக்கத்திலோ விற்பவர் பக்கத்திலோ மின்னஞ்சலுக்குள் புகுந்து, பேச்சு முழுவதையும் படித்துவிட்டு, பணம் போகும் நேரம் பார்த்து எழுதுகிறான். மாடல் எண் முதல் பாக்கித் தொகை வரை எல்லாம் சரியாக இருப்பது அதனால்தான். நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய முகவரியில் ஆங்கில 'எம்' இருந்த இடத்தில், புதியதில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கின்றன. கைப்பேசித் திரையில் எனக்கே அது தெரியவில்லை. போதாததற்குப் புதிய கணக்கு சீனாவிலேயே இல்லை.

முதல் புரோஃபார்மா இன்வாய்ஸில், அதாவது விற்பவர் தொடக்கத்தில் அனுப்பிய விலைப்பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். புதிய கடிதத்தில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், அன்றே வங்கிக்குப் போய் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டும். இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் புகாரும் செய்ய வேண்டும். பணம் அந்தக் கணக்கில் கிடக்கும்வரைதான் நம்பிக்கை.

இனி அந்த 70 சதவீதம். 'எல்.சி. திறந்தால் பயமில்லை' என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். கேட்ட ஆவணங்களை விற்பவர் காட்டினால் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. எல்.சி.யில் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டுமே, சரக்கை அல்ல. என் வாடிக்கையாளர் ஒருவர் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரித் தொழிற்சாலை நடத்தியவர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வரவழைத்தார். ஆவணங்களில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம். தூத்துக்குடியிலிருந்து மூட்டை வந்ததும் ஒரு கிலோ கொட்டையை என் கண்முன்னே வெட்டினார்கள். பல பருப்புகள் கறுத்து, சுருங்கி, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு என்று பேசியிருந்தார்; 40கூடத் தேறவில்லை. ஏற்றுமுன் மூன்றாம் நிறுவனம் ஒன்று வெட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று எல்.சி.யில் ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் தப்பியிருப்பார். அந்த வரியை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உங்கள் தொகைக்கு எல்.சி. செலவு கட்டுப்படியாகாது. நீங்களே அங்குள்ள ஒரு பரிசோதனை நிறுவனத்தை அமர்த்துங்கள். இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அவர்கள் எழுதித் தந்த பிறகு மீதியைக் கட்டுங்கள். எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நம் ரப்பர் தோட்டத் தேனில் ஈரம் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ தேனை அந்த அளவுக்குக் கொண்டுவரும் என்பது எண்ணாக இருக்கட்டும். மோட்டாரையும் கவனியுங்கள்: அங்கே மும்முனை மின்சாரம் 380 வோல்ட், இங்கே 415. இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் இல்லையென்றால் இப்போதே வாங்குங்கள். கட்டணம் 500 ரூபாய்தான்.

கேள்வி: ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் படகுக்கு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் துராயா என்ற செயற்கைக்கோள் போன் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், தூத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. ஒக்கிப் புயலுக்குப் பிறகு உங்கள் ஊரில் இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உரிய அனுமதியில்லாமல் துராயா, இரிடியம் போன்களை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பணமும் போகும், வழக்கும் வரும். பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதியுள்ள செயற்கைக்கோள் போன் கிடைக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள்.